"எப்பிடித் தம்பி நடந்தது?"

விபத்துப்பட்டவர் ஆஸ்பத்திரியால் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த அன்றே முற்றம் நிறையச் செருப்புகள். நெஸ்டமோல்ட் பெட்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்த கையோடு, "எப்பிடித் தம்பி நடந்தது?" கொடிகாமம் தாண்டி டிப்பர் வெட்டித் திரும்பியதிலிருந்து அவன் சொல்லி முடிக்க, அடுத்த மாமி வந்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து. உளநலக் கிளினிக்கில் என்னிடம் வந்த ஒருவருக்கு, உறவுக்காரப் பெடியன் விபத்தின் சிசிடிவி காட்சியையே போனில் போட்டுக் காட்டியிருக்கிறான். அன்றிரவு அவர் கண்மூடவில்லை.

நடந்ததை உடனே விலாவாரியாகச் சொல்ல வைத்தால் மனவடு வராது என்று ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே நம்பினார்கள். அது பயன் தரவில்லை, சிலருக்குப் பாதிப்பைக் கூட்டியது என்று தெரிந்தபின் உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்கிறது. அவராகக் கதைத்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் தனக்குப் பின்னால் இருந்து வந்த சிநேகிதனைப் பறிகொடுத்தவனிடம் "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முதல் சில கிழமைகள் நித்திரை குழம்பும், ஹோர்ன் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடும், சும்மா சும்மா எரிச்சல் வரும். பெரும்பாலானோருக்குத் தானாகவே தணியும். ஷெல்லடிக்குள் வாழ்ந்தவர்களுக்குப் பழைய சத்தங்களும் சேர்ந்து கிளம்புவதுண்டு. தலையில் அடிபட்டவருக்கு மறதி, கோபம் என்றால் மூளைக் காயத்தாலும் இருக்கலாம். டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு மாதம் கடந்தும் கனவும் பயமும் விடவில்லை என்றால் யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ உளநலப் பிரிவுக்கு வாருங்கள். இதற்கென்றே உளச்சிகிச்சைகள் இருக்கின்றன. நூல் கட்டுவதை நான் தடுப்பதில்லை, கிளினிக்குக்குப் பதிலாக என்றால்தான் சண்டை. தெரிந்தவர் வீட்டு நித்திரைக் குளிசையும் வேண்டாம்.

பயத்தில் பிரதான வீதியை விட்டு ஒழுங்கைகளால் சுற்றிப் போகிறவர்கள் பலர். அந்த நேரத்துக்கு நிம்மதிதான், பயம் மட்டும் உள்ளே வளரும். முதலில் படலையடியில் நின்று வாகனங்களைப் பார்க்கட்டும். பிறகு ஒருவரின் பின்னால் ஏறி, கொஞ்சத் தூரம். "ஆம்பிளைப்பிள்ளை பயப்பிடுறதோ" என்று அவசரப்படுத்தினால் காரியம் கெடும்.

இடித்த வாகனத்தின் சாரதி வீட்டுக்கு எவரும் சுகம் விசாரிக்கப் போவதில்லை. உடம்பில் கீறல் இருக்காது, ஆனால் ஒரு உயிர் போன பாரம் இருக்கும். ஒவ்வொரு வழக்குத் தவணையும் அதைத் திரும்பக் கிளறும். "நான் செத்திருக்கலாம்" என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது.