லைட்டான ஒயின் என்றால் ஆல்கஹாலும் குறைவா?

"ரொம்ப லைட்டாத்தானே இருக்கு, இன்னொரு கிளாஸ் ஊத்துங்க." ஒயின் பரிமாறும் தொழிலில் இருக்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. ஸ்பெயினின் கிரேடோஸ் மலையிலிருந்து வரும் கார்னாச்சா என்ற சிவப்பு ஒயின் மேசையில் இருந்தால் கட்டாயம் காதில் விழும். லைட் என்பது ருசி. ஆல்கஹால் அளவு வேறு கணக்கு. இந்த ஒயினை மனசாரப் பரிந்துரைக்கிறவன் என்பதால் இதைச் சொல்லும் பொறுப்பும் எனக்கு உண்டு.

முதலில் அந்த மலை. மாட்ரிட் நகரத்துக்கு மேற்கே, ஆவிலா, டொலேடோ, மாட்ரிட் என மூன்று மாகாணங்களில் கிரேடோஸ் பகுதித் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. சுமார் 600 மீட்டரில் தொடங்கி 1,200 மீட்டர் வரைக்கும் கொடிகள் உண்டு. பெரும்பாலும் கிரானைட் உதிர்ந்த மணல், செப்ரேரோஸ் பக்கம் போனால் பலகைப்பாறை மண். இங்கே விளையும் கார்னாச்சா என்ற திராட்சை ரகத்தைப் பிரான்சில் கிரெனாஷ் என்பார்கள். பல காலம் இதைக் கூட்டுறவு ஆலைகள் வாங்கி மொத்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தன, வயதான கொடிகள் பலதும் பிடுங்கப்பட்டன. 2008-இல் டேனியல் லாந்தியும் ஃபெர்னாண்டோ கார்சியாவும் கமாண்டோ ஜி என்ற பெயரில் இந்தப் பழைய கொடிகளிலிருந்து ஒயின் செய்ய இறங்கினார்கள். கார்னாச்சா என்றாலே கெட்டியான, ஜாம் மாதிரி இனிக்கிற சரக்கு என்றிருந்த எண்ணத்தை மாற்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு.

கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் துணிமேல் பிடித்துப் பாருங்கள், அடியில் விரல் வைத்தால் விரல் தெரியும். இந்தத் திராட்சைக்குத் தோல் மெலிசு, நிறமிகள் குறைவு. உயரத்தில் இரவு குளிர்வதால் புளிப்பு கரையாமல் நிற்கிறது, செய்பவர்களும் தோலைப் போட்டுக் கசக்காமல் மெதுவாக ஊறவிட்டு, பழைய பெரிய மரப்பீப்பாய்களில் வைக்கிறார்கள். அதனால்தான் ஸ்ட்ராபெரி, ஆரஞ்சுத் தோல், வெள்ளை மிளகு, காய்ந்த மூலிகை என்று வாசனை தனித்தனியாக எழுகிறது, நாக்கில் துவர்ப்பு பிடிப்பதில்லை.

ஆனால் கார்னாச்சா தாமதமாகப் பழுக்கும் ரகம். வாசனை கூடும்வரை கொடியில் விட்டால் சர்க்கரையும் ஏறிவிடும். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் 1 சதவீத ஆல்கஹால் என்பது தோராயக் கணக்கு, அதனால் மலைமேல் விளைந்தாலும் 14, 14.5 என்று லேபிளில் பார்ப்பது சகஜம். போதாக்குறைக்கு ஐரோப்பிய விதிப்படி பொதுவாக லேபிளில் அரை சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம்.

இப்போது 150 மி.லி. கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 14 சதவீதம் என்றால் 21 மி.லி. சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் 330 மி.லி. குடித்தால் 16.5 தான். பீர் குடிப்பவர் இரண்டோடு நிறுத்திக்கொள்வார், "லைட்" ஒயின் குடிப்பவரோ தாகத்துக்குக் குடிப்பதுபோல மூன்று கிளாஸ் முடித்துவிட்டுக் கார் சாவியைத் தேடுவார். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. மட்டுமே, அதனால் குடித்த அன்று ஸ்டியரிங் பக்கமே போகாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு "லைட்தானே, ஒரு வாய்" என்று நீட்டுவதும் வேண்டாம். குடியில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவே 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, குடிப்பதென்று முடிவு செய்தவர்களுக்கு என்ன சொல்வேன்? லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சதவீதத்தை முதலில் படியுங்கள். ஊற்றும்போது கிளாஸின் அகலமான இடத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள், பெரிய கிளாஸில் 200 மி.லி. போனாலும் கண்ணுக்குத் தெரியாது. நம் ஊர் வெயிலில் வெளியே வைத்த பாட்டிலை அப்படியே திறந்தால் ஆல்கஹால் காட்டம்தான் மூக்கில் ஏறும், 14 டிகிரி வாக்கில் குளிரவைத்தால் மலை ஒயினின் அழகு தெரியும். அப்புறம், வீணாகிவிடுமே என்பதற்காக அன்றைக்கே பாட்டிலை முடிக்காதீர்கள். கார்க்கைத் திரும்பச் செருகி ஃபிரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மறுநாளும் நன்றாகவே இருக்கும், சில பாட்டில்கள் இரண்டாம் நாள்தான் வாயைத் திறக்கின்றன.