பாறை போடும் சொடக்கு

முதலில் லாரி என்றுதான் நினைத்தேன். பெரிய வண்டி ஏதாவது தெருவில் போனால் அலமாரிக் கண்ணாடி இப்படித்தான் கிணுகிணுக்கும். ஆனால் வண்டிச் சத்தம் நெருங்கி வந்து, பிறகு தேய்ந்து போகும். இது வரவும் இல்லை, போகவும் இல்லை. இருந்த இடத்திலேயே இரண்டு விநாடி கிணுகிணுத்தது. அடுத்த நொடி, யாரோ கட்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஓர் இழுப்பு இழுத்ததுபோல் இருந்தது. தொங்கும் விளக்கு லேசாக ஆடி நின்றது. எல்லாம் சேர்ந்து ஏழெட்டு விநாடி. பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது: "உனக்கும் தெரிஞ்சுதா?"

கொஞ்ச நேரத்தில் தகவல் வந்துவிட்டது. வந்தது நிலநடுக்கம், அளவு 4.5. சேதம் ஏதும் இல்லை. செய்தியில் இரண்டு வரிக்கு மேல் பெறாத சமாச்சாரம். ஆனால் அந்த ஏழெட்டு விநாடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், காலுக்குக் கீழே என்ன நடந்தது என்பதில் பாதியை வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

முதலில் அந்தக் கிணுகிணுப்பு. பாறை நழுவும்போது இரண்டு வகை அலைகள் ஒன்றாகப் புறப்படுகின்றன. ஒன்று பாறையை அழுத்தியும் தளர்த்தியும் போகும், ஒலி காற்றில் போவதுபோல. இதை முதன்மை அலை அல்லது பி அலை என்கிறார்கள். மேலோட்டுப் பாறையில் விநாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடும். மற்றது எஸ் அலை. கயிற்றின் ஒரு நுனியை உதறினால் நெளிவு ஓடுமே, அதுபோல் பாறையைக் குறுக்கே அசைத்துக்கொண்டு வரும். வேகம் சுமார் 3.5 கிலோமீட்டர்தான். ஆனால் வீட்டைப் பிடித்து ஆட்டுவது பெரும்பாலும் இதுதான். மேலே வர வர மண்ணும் பாறையும் மென்மையாகிக்கொண்டே போவதால் இரண்டு அலைகளும் வளைந்து, கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக மேலேறி வந்து சேர்கின்றன. அதனால் பி அலை தரையை மேலும் கீழும் தட்டுகிறது, எஸ் அலை பக்கவாட்டில் இழுக்கிறது. நான் லாரி என்று நினைத்தது முதலாவதை, கட்டில் இழுபட்டது இரண்டாவதால்.

இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை வைத்துத் தூரம் சொல்லலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிகளை எண்ணுவோம் இல்லையா, அதே கணக்குதான். இடியில் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். இங்கே ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். எனக்குக் கிடைத்தது இரண்டு விநாடி, ஆக 16 கிலோமீட்டர். ஆழமும் இதற்குள் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. பாறை நழுவிய இடம் 10 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தால், அதற்கு நேர் மேலே உள்ள தரை எங்கள் வீட்டிலிருந்து 12 கிலோமீட்டரில்தான் இருக்கும். எண்ணுவதற்கு நிதானம் வேண்டும், அதுதான் சிக்கல். முதல் தடவை யாருக்கும் எண்ணத் தோன்றாது.

அங்கே நடந்தது என்ன? சொடக்குப் போட்டுப் பாருங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று அழுத்துகின்றன, நீங்கள் பக்கவாட்டில் தள்ளுகிறீர்கள், ஒன்றும் நகரவில்லை. உராய்வு பிடித்து வைத்திருக்கிறது. தள்ளல் ஏற ஏற, ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போகிறது. விரல் சட்டென்று நழுவுகிறது, சத்தம் வருகிறது. புவித்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நிற்காமல் நகர்கின்றன. ஆனால் அவை உரசும் பிளவுக்கோட்டில் பாறைகள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் அகப்பட்ட நிலம் வில்போல மெல்ல வளைகிறது. பிடி விட்ட கணத்தில் வளைந்தது நிமிர்கிறது.

இதைக் கண்டு சொன்னவர் ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அமெரிக்கப் புவி இயற்பியலாளர். 1906-இல் சான் பிரான்சிஸ்கோவைச் சிதைத்த நிலநடுக்கத்தில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கோட்டைக் கடந்து போன வேலிகளும் சாலைகளும் வெட்டுப்பட்டு விலகின, சில இடங்களில் 6 மீட்டர் வரைகூட. ரீட் அத்தோடு நிற்காமல், முந்தைய பல பத்தாண்டுகளின் நில அளவைப் பதிவுகளையும் எடுத்து ஒப்பிட்டார். பிளவுக்கோட்டுக்குத் தொலைவில் இருந்த குறியிடங்கள் நிலநடுக்கத்துக்கு வெகுமுன்பே நகர ஆரம்பித்திருந்தன. அதுவரை, நிலம் நடுங்குவதால் பிளவு உண்டாகிறது என்று நம்பியவர்களே அதிகம். பிளவு நழுவுவதால்தான் நிலம் நடுங்குகிறது என்று ரீட் அதைத் தலைகீழாக்கினார்.

எங்கள் 4.5-இல் நழுவியது ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு திட்டுதான். நழுவிய தூரம் சில சென்டிமீட்டர். அந்தக் காரியம் முடிய ஒரு விநாடிக்கு மேல் ஆகியிருக்காது. பிறகு ஏன் வீடு ஏழெட்டு விநாடி ஆடியது? மறுபடியும் இடிதான் துணைக்கு வருகிறது. மின்னல் ஒரு கணம், ஆனால் இடி உருண்டுகொண்டே போகும். நிலநடுக்க அலைகளும் நேர்வழியில் மட்டும் வருவதில்லை. பாறை அடுக்குகளில் பட்டுத் தெறித்து, சிதறி, பின்தங்கி வந்து சேர்பவை உண்டு. வீடு கடைசியில் உணர்ந்ததெல்லாம் எதிரொலி.

இன்னொன்றையும் கவனிக்கலாம். கண்ணாடி கிணுகிணுத்தது, ஆட்டம் படபடவென்று முடிந்துவிட்டது. சிறிய நழுவல் வேகமான, குறுகிய அதிர்வைத்தான் கிளப்பும். அப்படிப்பட்ட அதிர்வு தூரம் போகப் போகப் பாறையில் கரைந்துவிடும். ஆக, சட்டென்ற ஒரு குலுக்கல் என்றால் சிறியது, அருகில். தலைசுற்றல்போல, படகில் நிற்பதுபோல, விளக்கு மட்டும் மெதுவாக நீண்ட நேரம் ஆடினால் கதை வேறு. அது எங்கோ தொலைவில் நடந்த பெரியது. வீட்டில் ஒன்றும் விழாமல் இருக்கலாம், ஆனால் செய்தியைப் பார்க்க வேண்டியது அந்த நேரத்தில்தான்.

மெதுவான ஆட்டம் என்பதால் சாது என்று எண்ணிவிடக் கூடாது. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் 8.0 அளவில் நிலம் அதிர்ந்தது. 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மெக்சிகோ நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல் நிற்கிறது. அந்தக் களிமண்ணுக்கு இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஆடுவது பிடித்த தாளம். கட்டடங்களுக்கும் அவரவர் தாளம் உண்டு, தோராயமாக மாடி ஒன்றுக்குப் பத்தில் ஒரு விநாடி. ஆட ஆடக் கட்டடமும் அதன் அடியில் உள்ள மண்ணும் இளகினால் அந்தத் தாளம் இன்னும் மெதுவாகும். அப்படி மண்ணோடு தாளம் ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்கள்தான், 6 முதல் 15 மாடி வரை உள்ளவை, அன்று அதிகம் அடிவாங்கின. குட்டையான பழைய வீடுகள் பல அசையாமல் நின்றன.

சரி, மறுநாள் காலைக்கு வருவோம். நில அதிர்வுக்குப் பிறகு எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொல்கிறார்கள்: "இப்படிச் சின்னச் சின்னதா வந்துட்டுப் போறது நல்லதுதான். பெருசா வராது." குக்கரில் விசில் வந்தால் ஆவி இறங்கிவிடுகிறது என்ற நியாயம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குதான் ஒத்துழைக்கவில்லை.

நிலநடுக்க அளவில் ஒவ்வோர் எண்ணும் ஏறும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்காகிறது. இரண்டு எண் ஏறினால் ஆயிரம் மடங்கு. 4.5-இல் அலைகளாக வெளியான ஆற்றலை மின்சாரமாக எண்ணினால் சுமார் 1 லட்சம் யூனிட். நிறையத்தான். ஆனால் 7.5 அளவுள்ள ஒன்றின் ஆற்றலுக்கு ஈடுகட்ட, இப்படிப்பட்டவை ஏறத்தாழ 32,000 வேண்டும். எண்ணிக்கை எப்படிப் போகிறது என்றால், அளவு ஒன்று குறைந்தால் பத்து மடங்கு அதிகமாக நிகழும். அதாவது ஒரு 7.5 வரும் காலத்துக்குள் 4.5-ஐ ஒட்டியவை ஆயிரம் வரும். 32,000 கடனுக்கு 1,000 கட்டினால் கடன் தீராது.

இந்த ஆறுதல் இத்தாலியில் கொடுமையாகப் பொய்த்தது. லாக்குவிலா நகரைச் சுற்றி 2009-இன் தொடக்கத்தில் மாதக்கணக்கில் சிறுசிறு அதிர்வுகள் வந்தன. ஆற்றல் வெளியேறிக்கொண்டே இருப்பது சாதகமானது என்ற தொனியில் ஓர் அரசு அதிகாரி தொலைக்காட்சியில் பேசினார். ஏறக்குறைய ஒரு வாரத்தில், ஏப்ரல் 6 அதிகாலை, 6.3 அளவில் நிலம் குலுங்கி 300 பேருக்கு மேல் இறந்தனர். அந்த அதிகாரியும் ஆறு அறிவியலாளர்களும் வழக்கில் தண்டிக்கப்பட்டு, பின்னர் மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

அப்படியானால் சிறியது வந்தால் பெரியது பின்னால் வருகிறது என்று அர்த்தமா? அதுவும் இல்லை. கலிபோர்னியாவின் பதிவுகளை வைத்துப் பார்த்தால், ஓர் அதிர்வுக்குப் பின் ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு தோராயமாக இருபதில் ஒன்று. வருவது கொஞ்சம்தான் பெரிதாகவும் இருக்கலாம், மலையளவாகவும் இருக்கலாம். 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் கிழக்குக் கடலில் 7.3 வந்தது. அதையே பெரியது என்று எண்ணியவர்களுக்கு இரண்டு நாளில் 9.0 வந்தது. முன்னதிர்வுக்கென்று தனி முத்திரை எதுவும் கிடையாது. பெரியது வந்த பிறகுதான் முந்தையதற்கு அந்தப் பெயரே கிடைக்கிறது. மனத்தை ஆற்றக் கூடியது ஒன்றே ஒன்று: ஒரு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வரும் பின்னதிர்வுகள் ஒரு ஒழுங்கில் குறையும் என்று ஜப்பானிய நிலநடுக்க அறிஞர் ஃபுசகிச்சி ஓமோரி 1894-இலேயே கண்டுசொன்னார். பத்தாம் நாளில் வருவது முதல் நாளில் வந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பெரியது வரும் வாய்ப்பும் அதே வேகத்தில்தான் தேய்கிறது.

நாள் குறித்துச் சொல்வதை ஒரு தடவை முழுமூச்சாக முயன்று பார்த்தார்கள். கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று 6 அளவை ஒட்டிய நிலநடுக்கங்கள் கிட்டத்தட்ட முறைவைத்து வந்திருந்தன. அடுத்தது 1993-க்குள் என்று கணித்து, அந்தச் சின்னஞ்சிறு ஊரைக் கருவிகளால் நிரப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பரில். அத்தனை கருவிகள் இருந்தும் முன்கூட்டி நம்பகமான சமிக்ஞை ஒன்றும் பதிவாகவில்லை. "இந்தத் தேதியில் வரும்" என்று கைபேசியில் சுற்றும் செய்திகளை நான் திறப்பதே இல்லை. காரணம் பார்க்ஃபீல்ட்.

பிளவுக்கோட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் வரைபடத்தில் அந்தச் சிவப்புக் கோட்டைத் தேடி, வீட்டுக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளந்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன். கோட்டின் மேலேயே வீடு இருந்தால் அது நிஜமான சிக்கல்தான். நிலம் இரண்டாக விலகினால் எந்த அடித்தளமும் தாங்காது. கலிபோர்னியாவில் 1972-இல் இருந்தே அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. சில கோடுகள் நிலநடுக்கமே இல்லாமல் ஊர்ந்துகொண்டும் இருக்கும். ஹேவர்ட் பிளவுக்கோடு ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் அளவில் நகர்ந்து நடைபாதை விளிம்புக் கற்களை விலக்கிவைக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழக விளையாட்டரங்கத்தின் நடுவே போகிறது. ஊர்வதால் அது சாது என்றும் சொல்ல முடியாது. 1868-இல் பெரிதாகவே நழுவியிருக்கிறது.

ஆனால் குலுக்கல் என்று வரும்போது, கோட்டிலிருந்து 3 கிலோமீட்டரா 6 கிலோமீட்டரா என்பதைவிட வீட்டுக்கு அடியில் இருப்பது பாறையா, சேறா, கொட்டி நிரப்பிய மண்ணா என்ற கேள்விக்குத்தான் எடை அதிகம். 1989-இல் லோமா பிரியெட்டா நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மரினா பகுதி நொறுங்கியது. மையமோ ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மரினா, கடலோரத்தைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். ஈரமான தளர்ந்த மணலை உலுக்கினால் கொஞ்ச நேரத்துக்கு அது கூழாகிவிடும். வரைபடத்தில் கோடே இல்லாத இடமும் உண்டு. 1994-இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜை உலுக்கிய 6.7, மேலே தலைகாட்டாமல் புதைந்து கிடந்த ஒரு பிளவில் பிறந்தது. அப்படி ஒன்று இருப்பதே அதுவரை தெரியாது.

கைபேசி எச்சரிக்கை வருமே என்றால், வரும். பி அலையைக் கருவிகள் பிடித்தவுடன் செய்தியை அனுப்பிவிடும், எஸ் அலையைவிட மின் சமிக்ஞை வேகமாகப் போய்விடும். ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கே இது கிடைக்கிறது. தூரத்தில் இருப்பவர்களுக்குப் பத்து, இருபது விநாடி மிச்சமாகும். எங்களைப்போல் 16 கிலோமீட்டரில் இருப்பவர்களுக்கு? எனக்கு மொத்தமே இரண்டு விநாடிதான் இருந்தது. கருவி கணித்து முடிப்பதற்குள் கட்டில் ஆடிவிட்டது. அந்த நேரத்தில் செய்யக் கூடியது, ஓடாமல் மேசைக்கு அடியில் குனிந்து அதன் காலைப் பிடித்துக்கொள்வது. வெளியே ஓடும்போதுதான் கூரை ஓடும் சன்ஷேடும் தலையில் விழும். பலவீனமான மண்சுவர் வீட்டுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது, அங்கே வாசல் இரண்டடியில் இருந்தால் வெளியேறுவதே மேல்.

விடிந்ததும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். எது நகர்ந்தது, எது சாய்ந்தது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது, செலவும் இல்லை. உயரமான புத்தக அலமாரியின் மேல்பகுதி சுவரைவிட்டு ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது. அது சாய்ந்தால் விழும் இடத்தில் என் தலையணை. சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருந்த பீங்கான் ஜாடி விளிம்புவரை வந்து, அடிப்பாகத்தில் கால்வாசி அந்தரத்தில் நின்றது. எரிவாயுக் குழாயின் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. இரும்புக் கோணப்பட்டை இரண்டு வாங்கி வந்து அலமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்கினேன். கட்டிலை மறுபுறம் திருப்பிப் போட்டு, அதற்கடியில் ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும் வைத்தேன், இருட்டில் உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு இறங்காமல் இருக்க.

ஜாடி இப்போது கீழ்த்தட்டில் இருக்கிறது.