இண்டிப் படம்: தமிழில் என்ன சொல்வது?

'இண்டிபெண்டன்ட்' என்பதன் செல்லச் சுருக்கம்தான் இண்டி. வேர் லத்தீன், 'பெண்டேரே' என்றால் தொங்குவது. ஆக, எதையும் பிடித்துத் தொங்காதது.

சினிமாவுக்குள் இந்தப் பெயர் கலையின் வழியாக வரவில்லை, வியாபாரச் சண்டையில் வந்தது. 1908 டிசம்பரில் எடிசன் கம்பெனியும் காப்புரிமை வைத்திருந்த மற்றவர்களும் அமெரிக்காவில் ஒரு கூட்டணி அமைத்தார்கள். கேமரா, புரொஜெக்டர் எதைத் தொட்டாலும் அவர்களிடம் உரிமம் வாங்க வேண்டும். வாங்காமல் படம் எடுத்தவர்கள்தான் இண்டிபெண்டன்ட்கள். 1915இல் நீதிமன்றத் தீர்ப்பு கூட்டணிக்கு எதிராகப் போனது. அப்படி முரண்டு பிடித்தவர்களில் ஒருவரான கார்ல் லேம்லி 1912இல் தொடங்கியதுதான் யுனிவர்சல். இன்றைக்கு அதை யாராவது இண்டி என்பார்களா!

நம் ஊரில் குறைந்த செலவில் எடுத்தாலே இண்டி என்கிறோம். இது சரியில்லை. அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் மாடு முட்டி இறந்த பையனின் அம்மாவை, டிவிக்காரர்கள் மைக்கை நீட்டித் திரும்பத் திரும்ப அழவைக்கிறார்கள் என்று ஒரு கதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தெரு, ஒரு வீடு, நாலைந்து பேர் போதும், பெரிய செலவில்லை. ஆனால் சாட்டிலைட் உரிமையை ஒரு சேனலுக்கு முன்கூட்டியே விற்றுத்தான் பணம் புரட்ட வேண்டும் என்றால், அந்த நிருபர் மெல்ல மெல்லக் காமெடியன் ஆகிவிடுவார். அம்மா அழுவது பாட்டுக்குள் போய்விடும். சேனல் தயவு வேண்டாம் என்று கூட்டாளிகளிடம் கடன் வாங்கி எடுப்பவர்தான் அந்த மைக்கை அதே இடத்தில் விட்டுவைப்பார். செலவு இரண்டு பேருக்கும் ஒன்றே, இண்டி இரண்டாமவர் மட்டும்.

விற்பது வேறு கதை. மதுரை, ராமநாதபுரம் பக்கத்தை விநியோகஸ்தர்கள் எம்.ஆர். ஏரியா என்பார்கள். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி வெயிலில் எடுத்த 'கூழாங்கல்' படம் 2021இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருதை வாங்கியது. 2023இல் ஓடிடியில்தான் வெளியானது. ஏரியாக்காரர்களுக்கு அதில் வேலையே இல்லை.

சரி, தமிழில்? 'சுதந்திரப் படம்' என்றால் கொடியேற்றம்தான் நினைவுக்கு வரும். 'தனிப்படம்' ஸ்டுடியோவில் எடுக்கும் போட்டோ. 'சுயாதீனப் படம்' ஓரளவு நிலைத்துவிட்டது. 'தன் வசம்' என்ற பொருளும் பொருந்துகிறது, ஆனால் வடசொல். என் ஓட்டு 'தற்சார்புப் படம்' என்பதற்கு. இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் வாயில் ஏற்கெனவே பழகிய சொல். யாரைச் சார்ந்து நிற்கிறது என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது. பேச்சில் இண்டி என்றே இருக்கட்டும். 'சின்னப் படம்' மட்டும் வேண்டாம், அது பட்ஜெட்டுக்கு உரிய பெயர்.