மிதக்கும் மனிதனும் சூஃபியின் சுவையும்

ஒரு மனிதனைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார் தத்துவவாதியும் மருத்துவருமான இப்னு சீனா. இந்த நொடியில்தான் அவன் முழு வளர்ச்சியோடு படைக்கப்பட்டிருக்கிறான். வெட்டவெளியில் மிதக்கிறான். கண் மூடப்பட்டிருக்கிறது. காற்றுகூட மேலே உறைக்கவில்லை. கையும் காலும் ஒன்றையொன்று தொடாதபடி விலகியிருக்கின்றன. புலன் வழியாக ஒரு செய்தியும் அவனுக்குப் போய்ச் சேராது. இப்போது கேள்வி: தான் இருப்பது அவனுக்குத் தெரியுமா?

தெரியும் என்கிறார், இன்றைய உஸ்பெகிஸ்தானின் புகாரா பக்கத்தில் பிறந்த அந்த மருத்துவர் (980–1037). உடம்பு இருப்பதே தெரியாதவனுக்குத் தான் இருப்பது தெரிகிறது. ஆகவே ஆன்மா வேறு, உடம்பு வேறு. அவர் நிறுவ விரும்பியது அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்னக் கற்பனை, தத்துவத்துக்கும் சூஃபித்துவம் எனும் இஸ்லாமிய மெய்ஞ்ஞான வழிக்கும் நடுவே பின்னால் ஒரு வாசலைத் திறந்துவிட்டது.

அந்த வாசல் திறக்கும் முன் இடையில் வந்தவர் கஸ்ஸாலி (1058–1111). பக்தாதின் நிஜாமிய்யா மதரசாவில் பேராசிரியர். தத்துவவாதிகளின் 20 கருத்துகளை எடுத்து மறுத்து நூல் எழுதினார். அதில் மூன்று குஃப்ர், அதாவது இறைமறுப்பு என்றே தீர்ப்பளித்தார். அப்புறம் 1095-இல் பதவியை உதறிவிட்டுச் சூஃபி வழியில் இறங்கினார். குடிவெறிக்கு இலக்கணம் சொல்லத் தெரிவது வேறு, குடித்திருப்பது வேறு என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார். வெறியில் இருப்பவனுக்கு அதன் இலக்கணம் தெரியாது. குடிக்காதவனுக்கு இலக்கணம் தெரியும், ஆனால் தெளிவாக இருக்கிறான். சூஃபிகளிடம் இருப்பது அந்த நேரடி அனுபவம், 'தவ்க்', அதாவது சுவை.

சரி, சுவைத்தாயிற்று. அதை அறிவு என்று எப்படிச் சொல்வது? வெறும் மனக்கிளர்ச்சியாகவும் இருக்கலாமே? தர்க்கம் படித்தவன் இதைக் கேட்காமல் விடமாட்டான். இதற்கு ஒழுங்கான பதிலைக் கட்டியவர் ஈரானின் சுஹ்ரவர்த் ஊரைச் சேர்ந்த ஷிஹாபுத்தீன் சுஹ்ரவர்தி (1154–1191).

ஒரு மரத்தை அறிவதென்றால் அதன் உருவம் மனத்தில் பதிவது என்பதே அரிஸ்டாட்டில் வழிவந்தவர்களின் விளக்கம். மரத்துக்கு அது பொருந்தும். என்னை நான் அறிவதும் அப்படித்தானா என்று கேட்கிறார் சுஹ்ரவர்தி. என் உருவம் ஒன்று என் மனத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உருவம் எனக்கு 'அது', 'நான்' அல்ல. அது என்னுடைய உருவம்தான் என்று எதை வைத்து அடையாளம் காண்பேன்? என்னை ஏற்கெனவே அறிந்திருந்தால்தானே முடியும்? ஆக, தன்னை அறிவதில் இடைத்தரகர் கிடையாது. அறிபவனும் அறியப்படுவதும் ஒன்றே. பல்வலியும் இப்படித்தான்: வலியின் படத்தைப் பார்த்து யாரும் வலியை அறிவதில்லை. இதைத்தான் 'இல்ம் ஹுளூரி' என்கிறார்கள். பொருளே நேரில் நிற்கும் அறிவு.

இந்த ஒரு வாதத்தால் கணக்கே மாறிவிடுகிறது. உருவம் வழியாக வராத அறிவும் அறிவுதான், அதுவும் எல்லா அறிவுக்கும் அடித்தளமானது என்று தர்க்கமே ஒப்புக்கொண்ட பிறகு, சூஃபியின் சுவையை வாசலிலேயே தடுத்து நிறுத்த முடியாது. வானியலார் புலனால் நட்சத்திரங்களைக் கவனித்து அதன்மேல் ஒரு சாஸ்திரத்தைக் கட்டுவதுபோல, உள்ளே கண்டவற்றின்மேல் இறையியலைக் கட்டலாம் என்று 1186-இல் முடித்த 'ஹிக்மத்துல் இஷ்ராக்' (ஒளியின் ஞானம்) நூலில் எழுதினார். அந்த நூலைப் படிக்க வருகிறவனுக்கு நாற்பது நாள் தனிமை, புலால் தவிர்த்தல், குறைந்த உணவு என்று பத்தியமும் விதித்தார்.

அவருக்கு ஒரு கனவும் வந்ததாம். அறிவைப் பற்றிய குழப்பத்தோடு கிடந்தவரிடம் அரிஸ்டாட்டில் தோன்றி, 'உன்னிடமே திரும்பிப் போ' என்றார். உண்மையான தத்துவவாதிகள் யாரென்ற பேச்சு வந்தபோது, சூஃபிகளான பாயஸீத் பிஸ்தாமியையும் சஹ்ல் துஸ்தரியையும் ஒத்துக்கொண்டார். தர்க்கத்தின் தந்தை வாயாலேயே சூஃபிகளுக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டார் மனிதர்!

என் பார்வையில் இந்தக் கட்டடத்தில் ஒரு விரிசல் உண்டு. 'நான் இருக்கிறேன்' என்பது எல்லாருக்கும் கிடைக்கும் அறிவு. வானுலக ஒளிகளைக் கண்டேன் என்பது அப்படியல்ல. கிரகணத்தைத் தெருவில் போகிறவனும் அண்ணாந்து பார்த்துச் சரிபார்க்கலாம்; தனிமையில் கண்டதை யார் சரிபார்ப்பது? பத்தியம் இருந்து நீயே பார் என்பதுதான் அவரிடம் இருந்த பதில். முழுக்கத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை, ஏனென்றால் தொலைநோக்கியைக் கையாளவும் பயிற்சி வேண்டியிருக்கிறதே.

சிரியாவின் அலெப்போ நகர உலமாக்களுக்கு, அதாவது மார்க்க அறிஞர்களுக்கு, சுஹ்ரவர்தியைப் பிடிக்கவில்லை. அந்த ஊரை ஆண்ட இளவரசர் மலிக் அழ்ழாஹிர் அவருக்கு நெருக்கம்; ஆனால் இளவரசரின் தந்தை சுல்தான் சலாஹுத்தீன் கொல்ல உத்தரவிட்டார். சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த 1191-இல், நாற்பது வயதுகூட ஆகாத சுஹ்ரவர்தி கொல்லப்பட்டார்.

ஆள் போனாலும் வாதம் போகவில்லை. ஈரானின் ஷீராஸைச் சேர்ந்த தத்துவவாதி முல்லா சத்ரா (இறப்பு 1640) அதை எடுத்து, இப்னு சீனாவின் தர்க்கத்தையும் இப்னு அரபியின் சூஃபி தரிசனத்தையும் சேர்த்துப் பின்னினார். கும் நகருக்குப் பக்கத்தில் கஹக் என்ற கிராமத்தில் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கி வாழ்ந்தவர். கண்டதை நிறுவவும் வேண்டும், நிறுவியதைக் காணவும் வேண்டும் என்பது அவர் நிலை. அவருடைய பெருநூலில் இருத்தல், காரணம், இயக்கம் என்று வறண்ட தத்துவப் பாடங்கள்தான் பக்கம் பக்கமாக வருகின்றன. ஆனால் நூலைப் பகுத்திருக்கும் நான்கு பெரும் பகுதிகளுக்கு அவர் வைத்த பெயர், படைப்பிலிருந்து இறைவனிடம் போய்த் திரும்பும் சூஃபியின் நான்கு பயணங்கள்.