நாகா கிராமத்துக்குப் போக ஐ.எல்.பி. மட்டும் போதாது

நாகாலாந்துக்குள் நுழையும் ஒரு செக் கேட்டில் அந்தத் தம்பதியைப் பார்த்தேன். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மதுரைப் பக்கம். இரண்டு பேர் கையிலும் அனுமதிச் சீட்டு இருந்தது. ஆனால் அந்த அம்மாவின் சீட்டில் கணவர் பெயர் முழுதாக ஒட்டியிருந்தது, ஆதாரில் ஒற்றை இனிஷியல்தான். "இவர் வேறு, இந்தச் சீட்டில் இருப்பவர் வேறு" என்று காவலர் இந்தியில் சொல்ல, இவர்கள் தமிழில் பதில் சொல்ல, ஒன்றரை மணி நேரம் போயிற்று. சுமோ டிரைவர் மற்ற பயணிகளோடு கிளம்பிவிட்டார். கடைசியில் ஒரு மேலதிகாரி வந்து ஒரே பார்வையில் விட்டுவிட்டார். விடக்கூடியதுதான் என்றால் அந்த ஒன்றரை மணி நேரம் எதற்கு? கேட்டால் பதில் கிடைக்காது. அதனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

வரலாறு இரண்டே வரி. 1873-இல் ஆங்கிலேயர் போட்ட வங்காள கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. நாகாலாந்தைச் சேராத எந்த இந்தியரும் உள்ளே போக இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். ஐ.எல்.பி. என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

முதல் பொறி திமாப்பூர். விமான நிலையமும் பெரிய ரயில் நிலையமும் அங்கேதான். "திமாப்பூருக்கு ஐ.எல்.பி. தேவையில்லை, இறங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதிய பழைய பயணக் குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2019 டிசம்பரிலேயே திமாப்பூருக்கும் விதி நீட்டிக்கப்பட்டது. 2024-க்குப் பிறகு பிடி இன்னும் இறுகியிருக்கிறது. மாநில அரசின் ஐ.எல்.பி. இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பித்துவிட்டுப் புறப்படுங்கள். நேரில்தான் செய்வேன் என்றால் டெல்லி, கொல்கத்தா, குவாஹாத்தி, ஷில்லாங் நகரங்களில் அந்த மாநில அரசின் நாகாலாந்து ஹவுஸ் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை அங்கே போய் நின்றால் திங்கள்கிழமை வா என்பார்கள். உங்கள் நான்கு நாள் பயணத்தில் மூன்று நாள் அதிலேயே போகும்.

இரண்டாவது பொறி நம் இனிஷியல். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும் படிவங்களுக்குத் தமிழன் பெயர் வைக்கும் முறை தெரியாது. விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பெர்மிட்டில் ஒரு மாதிரி என்று மூன்று பெயரோடு போய் நிற்காதீர்கள். எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். அதே அட்டையைத்தான் கையிலும் கொண்டுபோக வேண்டும். விண்ணப்பத்தில் வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு கேட்டில் ஆதாரை நீட்டினால், மறுபடி ஒன்றரை மணி நேரம்.

மூன்றாவது, போகும் இடங்கள். சோம்பல்பட்டு 'கோஹிமா' என்று மட்டும் போட்டுவிட்டு, பிறகு மோன் மாவட்டத்தில் மியான்மர் எல்லையில் இருக்கும் லோங்வா கிராமத்துக்கு ஆசைப்படுவோர் நிறைய. போக வாய்ப்புள்ள எல்லா மாவட்டங்களையும் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். லோங்வாவுக்குப் பெரும்பாலோர் அசாமின் சோனாரி வழியாக ஏறுகிறார்கள். அந்தப் பாதையில் வழியில் எங்காவது பெர்மிட் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

நான்காவது, எதற்காகப் போகிறோம் என்பது. சுற்றுலா என்று எடுத்த சீட்டில் வியாபாரமோ வேலையோ செய்யக்கூடாது. கைத்தறிச் சால்வை மொத்தமாக வாங்கப் போகிறவர் சுற்றுலாப் பயணி என்று போட்டுவிட்டு மாட்டிக்கொண்டால், கிராமத்தில் அவருக்காகப் பேச ஒருவர்கூட வரமாட்டார்.

ஏஜென்ட் பற்றி ஒரு வார்த்தை. அரசுக் கட்டணம் சிறிய தொகை. ஒருவர் என்னிடம் அதைப்போலப் பல மடங்கு கேட்டு, "எக்ஸ்பிரஸ்" என்றார். அவரும் உட்கார்ந்து நிரப்பியது அதே இணையப் படிவம்தான். அதிலும் ஒரு எழுத்துப் பிழை விட்டிருந்தார்.

சீட்டு வந்ததும் மூன்று பிரதி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் "போனில் இருக்கிறது சார்" என்பதைக் கேட்க யாரும் இல்லை.

இனித்தான் அலுவலகங்கள் சொல்லாத விஷயம். ஐ.எல்.பி. உங்களை மாநிலத்துக்குள் விடுகிறது, கிராமத்துக்குள் அல்ல. அரசியலமைப்பின் 371ஏ பிரிவின்படி நாகாக்களின் வழக்காற்றுச் சட்டத்துக்கும் நிலவுரிமைக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. காடும் பாதையும் பெரும்பாலும் கிராமத்துக்கோ குலத்துக்கோ சொந்தம். கிராம சபையின் பேச்சுதான் அங்கே செல்லுபடி. "பெர்மிட் இருக்கிறதே, ஊருக்குள் நுழைய ஏன் தனியாகப் பணம்?" என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தைக் கிராமத்தார் மேல் காட்டுவது தப்பு.

கோஹிமாவிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கும் கொனோமாவையே எடுத்துக்கொள்வோம். 1879-இல் ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்ற, அங்காமி என்ற நாகா இனத்தாரின் ஊர். காட்டைக் காப்பாற்ற 1998-இல் தாங்களாகவே வேட்டையை நிறுத்தி, ட்ராகோபன் பறவைக்குச் சரணாலயம் அமைத்தார்கள். ஊருக்குள் நுழையும்போது கட்டணம் கட்டி, உள்ளூர் வழிகாட்டியோடு நடக்க வேண்டும். கல் படிகளில் ஏறினால் இருபுறமும் விறகு அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்காமல் யார் வீட்டு முற்றத்திலும் போய் நின்று படம் எடுக்காதீர்கள். அது அருங்காட்சியகம் இல்லை, சோறு வேகும் வீடு.

ஜுக்கோ பள்ளத்தாக்குக்கு விஸ்வேமா, ஜகாமா கிராமங்கள் வழியாக ஏறுவார்கள். தெற்கு அங்காமி இளைஞர் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. அங்கேயும் நுழைவுக் கட்டணம் உண்டு. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பள்ளத்தாக்கு மணிப்பூர் எல்லையோடு ஒட்டியது. நாகாலாந்து சீட்டு மணிப்பூருக்குச் செல்லாது. அங்கே 2020 முதல் தனி ஐ.எல்.பி. "அப்படியே இம்பாலையும் பார்த்துவிடலாம்" என்று சாலையைப் பிடித்தால் மணிப்பூர் எல்லையில் உள்ள மாவோ கேட்டில் அடுத்த பாடம் காத்திருக்கிறது.

லோங்வாவில் கொன்யாக் என்ற நாகா இனத்தாரின் தலைவர், அதாவது 'அங்', அவருடைய வீட்டுக்குள்ளேயே இந்திய-மியான்மர் எல்லைக்கோடு போகிறது. எல்லோரும் படம் எடுக்கும் இடம். எல்லையைத் தாண்டிப் போய்வரும் ஏற்பாடு உள்ளூர்க்காரர்களுக்கானது, உங்களுக்கானது அல்ல. வீட்டைத் தாண்டி அந்தப் பக்கம் சும்மா நடந்துவிட்டு வருவோம் என்று இறங்காதீர்கள்.

மலேசிய, சிங்கப்பூர், இலங்கைச் சொந்தங்களைக் கூட்டிப்போகிறவர்கள் கவனம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு ஐ.எல்.பி. போதாது. பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி, அதாவது பி.ஏ.பி., வேண்டும். பல ஆண்டுகள் தளர்த்தி வைத்திருந்ததை 2024 டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே என்று நினைத்தால் அதுவும் இங்கே கைகொடுக்காது. டிக்கெட் போடுவதற்கு முன்பே இதை முடியுங்கள்.

பையில் பாட்டில் வேண்டாம். 1989 முதல் மதுவிலக்குச் சட்டம். உள்ளே கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கும்தான், ஆனால் கேட்டில் பையைத் திறந்தால் மாட்டுவது நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பயணம் வைக்காதீர்கள். ஊரே சர்ச்சில் இருக்கும், கடை அடைப்பு, சுமோ கிடைப்பது அபூர்வம். டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். பாதி வழியில் இருட்டிவிட்டால் டார்ச் வெளிச்சத்தில்தான் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். அந்தத் தம்பதி அன்று கோஹிமா போய்ச் சேரும்போது ஏழு மணி ஆகிவிட்டதாம். தங்குமிடத்து அம்மா அடுப்பை அணைக்காமல் காத்திருந்தாராம்.