ஒருமுறை கரண்ட் வைத்த எலும்புக்கு மறுபடியும் வைக்கலாமா?

"ஏற்கெனவே கரண்ட் வச்சாச்சு டாக்டர். அதே இடத்துல மறுபடி வைக்கக் கூடாதாமே?"

அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த மகன் கேட்டார். அந்த அம்மா நேராக உட்காரவில்லை. வலது இடுப்பு எதிலும் பட்டுவிடாதபடி இடது பக்கம் சாய்ந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. ஏழு மாதம் முன்பு வேறோர் ஊரில் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள்; 'கரண்ட்' என்று மக்கள் சொல்வது இதைத்தான். ஐந்து மாதம் வலி அடங்கியிருந்தது, அப்புறம் திரும்பிவிட்டது. அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னதை நம்பி, இனி வழியில்லை என்று இரண்டு மாதமாக வீட்டிலேயே வலியோடு கிடந்திருக்கிறார். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

மறுபடியும் வைக்கலாம். பலருக்கு வைக்கிறோம்.

எலும்பு வலிக்கான கதிர்வீச்சு, நோயை வேரோடு அழிப்பதற்கானது அல்ல. கட்டியின் செல்களையும், அவை தூண்டிவிட்டு எலும்பை அரிக்க வைக்கும் செல்களையும், அங்குள்ள அழற்சியையும் அடக்குவதே நோக்கம். அதற்குப் பெரிய அளவு தேவையில்லை. ஒரே நாளில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தாலும், பத்து நாளில் 30 கிரே கொடுத்தாலும் வலி குறைவது ஏறக்குறைய ஒன்றுதான். பத்தில் ஆறு பேருக்குக் குறைகிறது. ஒரே நாளில் முடித்தவர்களுக்குப் பின்னாளில் மறுபடி தேவைப்படுவது சற்று அதிகம், அவ்வளவே.

இரண்டாவது முறைக்கும் ஆதாரம் இருக்கிறது. 2014இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ஏற்கெனவே கதிர்வீச்சு பெற்ற 850 பேருக்கு அதே இடத்தில் மீண்டும் கொடுத்தார்கள்: பாதிப் பேருக்கு ஒரே முறை 8 கிரே, மீதிப் பேருக்குப் பல நாளாகப் பிரித்து 20 கிரே. இரண்டு மாதம் கழித்து முறையாக மதிப்பிட முடிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலி குறைந்திருந்தது. நடுவில் விட்டுப்போனவர்களையும் கணக்கில் எடுத்தால் நூற்றுக்கு முப்பது பேர். பெரிய எண் இல்லைதான். ஆனால் ராத்திரி தூங்க முடியாத ஒருவருக்கு அந்த வாய்ப்பை மறுக்க நமக்கு உரிமையில்லை. பசியின்மை, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகள் 20 கிரே குழுவில்தான் அதிகம். அதனால், முடிந்த இடத்தில் எல்லாம் ஒரே நாள் முறைதான் என் தேர்வு. இடுப்பு வலியோடு பல நாள் ஆட்டோவில் ஏற்றி இறக்குவதும் வேதனைதானே.

முதல் முறை பலன் கிடைக்காதவர்களுக்கும் இரண்டாவது முறை கேட்கலாம். ஆனால் குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும்; வலி குறையவே சில வாரம் ஆகும். முதுகெலும்பு என்றால் கணக்கு கண்டிப்பானது. உள்ளே தண்டுவடம் இருப்பதால் முதல் அளவையும் இப்போதைய அளவையும் சேர்த்துப் பார்ப்போம். ஆறு மாத இடைவெளி இருந்தால் நல்லது. ஆனால் காலில் பலம் குறைவது, மரத்துப் போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது என்று வந்தால் அன்றைக்கே ஓடி வாருங்கள், அது அவசரம்.

அந்த மகன் கொண்டுவந்த கட்டைப்பையில் ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், மருந்துக்கடை பில்கள் என்று எல்லாம் இருந்தன. கதிர்வீச்சைப் பற்றி மட்டும் 'கொடுக்கப்பட்டது' என்று ஒரே வரி. எந்த இடம், எத்தனை கிரே, எத்தனை நாள்? எதுவும் இல்லை. அவர் அந்த மருத்துவமனைக்குப் போன் மேல் போன் போட்டு, இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் தாளை வாங்கினார்: ஐந்து நாள், 20 கிரே. கதிர்வீச்சு முடிந்த அன்றே இந்த விவரங்கள் அடங்கிய தாளைக் கேட்டு வாங்கி, போனில் படமும் எடுத்து வையுங்கள். இரண்டாம் முறைக்கான கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

எக்ஸ்ரே எடுத்தோம். தொடை எலும்பு முறியும் நிலையில் இருந்திருந்தால் முதலில் எலும்பு அறுவை மருத்துவரிடம் அனுப்பி, கம்பி வைத்த பிறகுதான் கதிர்வீச்சு. இவருக்கு அந்த ஆபத்து இல்லை. இடுப்பில் மார்க்கர் பேனாவால் குறி போட்டு, ஒரே முறை 8 கிரே கொடுத்தோம். மெஷினுக்கு அடியில் படுத்திருந்தது சில நிமிடம். "வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்கலாமா?" என்று கேட்டார். "தாராளமா மடியில வச்சுக்கங்கம்மா, உடம்புல கரண்ட் ஒண்ணும் தங்காது" என்றேன்.

முதல் சில நாளில் வலி கொஞ்சம் கூடலாம் என்பதையும் முன்பே சொல்லியிருந்தேன். சொல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள். அதற்காகச் சிலருக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருவோம்; சர்க்கரை நோய் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், ரத்தச் சர்க்கரை அளவு ஏறும். வலிக்காக அவர் எடுத்துவந்த மார்ஃபின் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லவில்லை. கதிர்வீச்சு வேலை செய்யும்வரை வலியைத் தாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மார்ஃபின் எடுக்கும்போது மலம் இளக மருந்தும் கூடவே வேண்டும்.

நான்கு வாரம் கழித்து வந்தார். சக்கர நாற்காலிதான், ஆனால் நேராக உட்கார்ந்திருந்தார். வலி முழுக்கப் போகவில்லை. பத்துக்கு எட்டு என்று சொன்னவர் மூன்று என்றார். மார்ஃபின் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்தோம். கிளம்பும்போது, "நேத்து ராத்திரி வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தேன் டாக்டர், விடிஞ்சுதான் முழிச்சேன்" என்றார்.