பேசுகிறானே, அப்புறம் என்ன மூச்சுத்திணறல்?

போலீஸ் காவலில் யாராவது இறந்துபோனால், மனநல மருத்துவர்களான எங்களிடம் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "இவருக்கு ஏற்கெனவே மனநோய் இருந்ததா?" ஆமாம் என்றால் போதும், சாவுக்குக் காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி. சமீபத்தில் மறுபடியும் அதே கேள்வி. மனச்சிதைவு நோய் பத்து நிமிடத்தில் யாரையும் கொல்லாது ஐயா.

போலீஸ் பிடித்து அடக்குகிற விதம் கொல்லும். கத்தி, ஓடி, முண்டியவரின் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும். அதை ஈடுகட்ட அவர் வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கியே ஆகவேண்டும். அந்த நேரம் பார்த்துக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை ஊன்றுகிறார்கள். காற்றுக்காகத் திமிறுகிறார். திமிறுகிறாரே என்று இன்னும் அழுத்துகிறார்கள்.

"பேசுறான்ல, மூச்சு இருக்கு, நடிக்கிறான்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தொண்டையில் சத்தம் எழும்பக் கொஞ்சம் காற்று போதும். ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லி காற்று மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும், ரத்தத்தில் சேராது. அந்தக் காற்றில் ஒருவர் முனகலாம், கெஞ்சலாம், அம்மாவைக் கூப்பிடலாம். உயிரோடு இருக்க முடியாது. 2020இல் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் மூச்சுவிட முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பேசுவதற்கே நிறைய ஆக்ஸிஜன் வேண்டுமே என்ற ரீதியில்தான் கழுத்தில் முட்டி வைத்திருந்த அதிகாரி பதில் சொன்னார்.

எங்கள் துறையும் யோக்கியமில்லை. இப்படிப்பட்ட சாவுகளுக்கு 'எக்ஸைட்டட் டெலிரியம்' (வெறிபிடித்தது போன்ற மனக்குழப்பம்) என்று பெயர் சூட்டி, பழியை இறந்தவர்மேலேயே போட்டவர்கள் மருத்துவர்கள்தான். அமெரிக்க அவசர மருத்துவர் சங்கம் அதை ஆதரித்த தன் 2009 அறிக்கையை 2023இல்தான் கைவிட்டது.

"போதை தெளியட்டும்" என்று லாக்கப்பில் போடுவது இன்னொரு ஆபத்து. தினமும் குடிப்பவருக்குச் சிக்கல் தெளிந்த பிறகுதான் ஆரம்பம். கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சிகளைத் தட்டிக்கொண்டு உளறலாம். சர்க்கரை இறங்கினாலும், தலையில் அடிபட்டாலும் இதே உளறல்தான். வெளியே நின்று பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, என்னாலும். ஆகவே முதலில் மருத்துவமனை.

விலங்கு மாட்டியாயிற்றா? உடனே ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், இல்லை உட்காரவையுங்கள். திமிறியவர் சட்டென்று அடங்கினால் நிம்மதியாகாதீர்கள், மூச்சையும் நாடியையும் பாருங்கள். முதல் சில மணி நேரத்தில் தற்கொலை ஆபத்தும் அதிகம். தனியாக விடாதீர்கள்.

குடும்பத்தாருக்கு: முடிந்தவரை முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். போலீஸை அழைத்தே ஆகவேண்டுமென்றால் "தகராறு பண்றார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். நோய் என்ன, என்ன மருந்து, எப்போது நிறுத்தினார், குடிப்பழக்கம், வலிப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நேரில் கொடுங்கள். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று தயவுசெய்து மறைக்காதீர்கள். தாளை வாங்கியவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.